சிறுமலைக் காட்டுக்கோழியும் டிரௌட் தூண்டிலும்

திண்டுக்கல் சமவெளியின் குளங்களிலும் கண்மாய்களிலும் தூண்டில் முள்ளில் மண்புழுவைக் கோத்து, தக்கை அமிழும் வரை காத்திருந்து கெண்டையும் கெளுத்தியும் பிடிப்பதே வழக்கம். ஆயினும் இச்சமவெளியை ஒட்டிய சிறுமலையிலும் பழனிமலைச் சரிவுகளிலும் வாழும் சாம்பல் காட்டுக்கோழி, இங்குள்ள நீர்நிலைகளில் இல்லாத டிரௌட் என்னும் குளிர்நீர் மீனின் தூண்டில் வரலாற்றில் நீங்காத இடம் பெற்ற பறவையாகும்.

டிரௌட் நீர்ப்பூச்சிகளை விரும்பி உண்பதால், முள்ளின்மீது கம்பளி நூல், பட்டிழை, இறகு ஆகியவற்றைச் சுற்றிக் கட்டிப் பூச்சிபோலத் தோன்றச் செய்யும் 'செயற்கை ஈ' அதற்கு இரையாயிற்று. மாசிடோனிய ஆற்று மீனவர் செங்கம்பளியும் சேவல் இறகும் கொண்டு இவ்வாறு மீன் பிடித்ததை ஏலியன் என்னும் ரோமானிய எழுத்தாளர் ஏறத்தாழ கி.பி. 200-ஐ ஒட்டிப் பதிவு செய்தார். 1496-இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூலொன்று பன்னிரண்டு ஈக்களை விவரித்தது. பின்னர் இவை மீன் இரையெடுக்கும் இடத்தை வைத்து வகைப்பட்டன. விறைப்பான சேவல் இறகால் நீரின்மேல் மிதப்பது உலர் ஈ. மென்மையான இறகோடு அமிழ்ந்து செல்வது ஈர ஈ. சிறகு முளைக்காத இளம்பூச்சியைப் போன்றது நிம்ஃப். சிறு மீனைப் போல நீண்டிருப்பது ஸ்ட்ரீமர். மீன்கள் மேலெழுந்து வட்ட அலை எழுப்பும் வேளையில் உலர் ஈயும், அவ்வசைவு காணாதபோது அமிழும் ஈயும், கலங்கிய நீரில் பளிச்சிடும் பெரிய ஈயும் பொருந்தும். டிரௌட் தன் உணவில் பெரும்பகுதியை நீருக்கடியிலேயே கொள்வதால், பார்வைக்கு அழகான உலர் ஈயைவிட அமிழும் ஈயே பெரும்பாலும் பயன் தரும்.

காட்டுக்கோழியின் பங்கு ஈர ஈக்களிலும் சால்மன் மீனுக்கான ஈக்களிலும் அமைந்தது. சேவலின் கழுத்திறகு நுனியில் தண்டு தட்டையாகி, மெழுகு பூசியதுபோல் வெண்மையும் மஞ்சளுமான புள்ளிகள் மின்னுகின்றன. அவற்றை ஈயின் இருபுறமும் கட்டினால் சிறு மீனின் கண்போலத் தோன்றும். ஜாக் ஸ்காட் என்னும் சால்மன் ஈயும் டங்கெல்ட் என்னும் ஈர ஈயும் இவ்விறகைக் கொண்டே புகழ்பெற்றன. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொனராவின் பெயரை 1813-இல் ஏற்ற இப்பறவை, தீபகற்ப இந்தியாவுக்கே உரியது.

டிரௌட்டைத் தமிழகத்துக்குக் கொண்டுவரும் முயற்சியும் நீண்டது. மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1863-இல் நீலகிரிக்கு முட்டைகளைக் கொண்டுவர முயன்று தோற்றார். மீன்வளர்ப்பு வல்லுநர் எச். சி. வில்சன் காலத்தில், 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்த பிறகே அம்மீன் அங்கு வேரூன்றியது. வெப்பம் மிகுந்தால் நீரில் கரைந்த உயிர்வளி குறையும் என்பதால், அது மலையோடைகளை விட்டுத் திண்டுக்கல் போன்ற சமவெளிகளுக்கு இறங்கவே இயலாது.

மேனாட்டுத் தொப்பி அலங்காரத்துக்காகப் பறவைகள் பெருமளவில் கொல்லப்பட்ட நிலையில், 1902-இல் இந்திய அரசு காட்டுப் பறவைகளின் இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுக்கோழிக்கும் காப்பளித்தது. வெளிநாடுகளில் கூண்டில் வளர்க்கும் பறவைகளின் இறகும் செயற்கைப் பொருள்களும் இன்று ஈ கட்டுவோரின் தேவையை நிறைவேற்றுவதால், சிறுமலைக் காட்டில் ஒரு சேவலுக்குக்கூடக் கண்ணி வைக்க எந்த நியாயமும் இல்லை.