முதல் தட்டும் முதல் தீர்ப்பும்

என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் நான் சங்கீத விமரிசனம் எழுதியிருக்கிறேன். அது அச்சில்கூட வரவில்லை. தாம்பரத்தில் நாங்கள் ஏழெட்டு வாலிபர்கள் சேர்ந்து நடத்திய கையெழுத்துப் பத்திரிகையில், ஊதா மையில், ஒன்றரைப் பக்கம் வந்தது. அதைப் படித்தவர்கள் நாற்பது பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். இருந்தாலும், நான் எழுதிய நாவல்களைப் பற்றி யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டு கேட்கிற எனக்கு, அந்த ஒன்றரைப் பக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுண்டிப் போகிறது. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அது விளங்க வேண்டுமானால் அதற்கு முன்னால் வேறு இரண்டு முதல் தட்டுகளின் கதையைச் சொல்ல வேண்டும். ஒன்று லண்டனில் பிறந்தது; மற்றது நம் கோடம்பாக்கத்தில்.

எழுபதுகளின் தாம்பரத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1928-ல் காச நோயாளிகளுக்காக டாக்டர் சௌரி முத்து சானடோரியம் கட்டியது, இங்கே காற்று சுத்தம் என்பதற்காகத்தான். 1931-ல் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் வந்தது. 1937-ல் கிறிஸ்துவக் கல்லூரி பட்டணத்தை விட்டு இங்கே காட்டுக்கு நடுவே குடியேறியது. ரயிலும் கல்லூரியும் ஊரை இரண்டு காதுகள் உள்ளதாக ஆக்கிவிட்டன. ஒரு காது மார்கழி மாதத்தில் மீட்டர் கேஜ் வண்டியேறி மயிலாப்பூர் சபாக்களுக்குப் போகும். மற்றொரு காது பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருந்த ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் கிடாரைக் கேட்கும். இரண்டு காதுகளுக்கும் நடுவில் முடிச்சூர்ப் பக்கத்து வயல்களில் நாற்று நடுகிற பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அதைச் சங்கீதம் என்று எந்தக் காதும் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலில் லண்டன் கதை.

பல்லாவரத்திலிருந்து என்னோடு கல்லூரிக்கு வந்த நண்பன் ஒருவன் இருந்தான். அவன் தகப்பனார் மின்சார ரயில் ஓட்டுகிறவர். அவனுடைய அண்ணன் கப்பலில் வேலை பார்த்ததால் ஊரில் கிடைக்காத தட்டுகள் அந்த வீட்டுக்கு வந்து சேரும். அப்படி 1975-ல் ஒரு நாள் நான் கேட்டதுதான் ‘லெட் செப்பலின்’ என்ற நால்வர் குழுவின் முதல் இசைத்தட்டு. உறையிலே ஓர் ஆகாயக் கப்பல் தீப்பற்றி எரிகிற படம். உள்ளே இருந்த சத்தமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது! ஆனால் நடுவில் ஒரு சின்ன உருப்படி. வெறும் கிடார், அதன் கீழே சாட்சாத் நம் தேசத்துத் தபலா. வாசித்தவர் விரம் ஜஸானி. “பார்த்தாயாடா, நம்ம ஆள்!” என்று நண்பன் துள்ளினான். நானும் துள்ளினேன்.

அந்தத் தட்டைப் பற்றி அதன் சொந்தச் சீமையில் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. வெகு காலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1968-ன் இலையுதிர் காலத்தில் லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில், எல்லாம் சேர்த்து முப்பத்தாறு மணி நேரத்தில் பதிவாகிய தட்டு அது. செலவு 1,782 பவுன் என்று கிடார்க்காரர் ஜிம்மி பேஜ் சொல்வதுண்டு. அதையும் பேஜும் குழுவின் மேலாளரும் கைப்பணத்திலிருந்து போட்டார்கள். 1969 ஜனவரியில் அமெரிக்காவில் வெளிவந்தது. இரண்டு மாதம் கழித்து, வாலிபர்களின் வேதமாக அப்போது விளங்கிய ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையில் ஜான் மெண்டல்ஸன் என்ற இளைஞர் தீர்ப்பு எழுதினார். ஜெஃப் பெக் குழு ஏற்கெனவே இதே காரியத்தை இதே அளவுக்கோ இதைவிட நன்றாகவோ செய்து முடித்துவிட்டது, இவர்கள் புதிதாக எதுவும் கொண்டுவரவில்லை என்பது தீர்ப்பின் சாரம். சுருக்கமாகச் சொன்னால், இரவல் சரக்கு!

ஜனங்கள் அந்தத் தீர்ப்பைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் பத்தாவது இடம் வரை ஏறிற்று. இங்கிலாந்தில் ஆறாவது இடம். முப்பத்து நாலு வருஷம் கழித்து, 2003-ல், உலகத்தின் தலைசிறந்த ஐந்நூறு இசைத்தொகுப்புகள் என்று அதே பத்திரிகை ஒரு ஜாபிதா வெளியிட்டது. அதில் இந்தத் தட்டுக்கு இருபத்தொன்பதாவது இடம்! பத்திரிகைகளுக்கு ஞாபக மறதி என்பது கடவுள் தந்த வரம்.

இதை வைத்து விமரிசகரை முட்டாளாக்கிவிடுவது எளிது. ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே! ‘இரவல்’ என்ற குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. அந்தத் தட்டில் இரண்டு பாட்டுகள் வில்லி டிக்ஸன் என்ற அமெரிக்க நீக்ரோ பாடகருடையவை; அது உறையிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. வேறொரு பாட்டு பரம்பரைப் பாட்டு என்று போடப்பட்டு, பிறகு ஆன் பிரெடன் என்ற பெண்மணி இயற்றியது என்று தெரியவந்து, பல வருஷங்கள் கழித்து அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. இன்னொரு பாட்டுக்காக ஜேக் ஹோம்ஸ் என்பவர் 2010-ல் கோர்ட்டுக்கே போனார். விவகாரம் சமரசத்தில் முடிந்தது. ஆகவே மெண்டல்ஸனின் மூக்கு சரியாகத்தான் மோப்பம் பிடித்தது. காதுதான் கோட்டை விட்டது. பழைய சரக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தவர், அது இவர்கள் கையில் என்னவாக மாறுகிறது என்பதைக் கேட்கவில்லை.

அடிபட்டவர்கள் அதை மறக்கவும் இல்லை. பத்திரிகைக்காரர்கள் என்றாலே அந்தக் குழுவுக்கு வெகு காலம் ஆகாது. 1971-ல் நாலாவது தட்டைக் கொண்டுவந்தபோது உறையில் குழுவின் பெயரைக்கூடப் போடவில்லை. பேரைப் பார்த்து எழுதாதே, பாட்டைக் கேட்டு எழுது என்று அர்த்தம்! கோடிக்கணக்கில் ஜனங்கள் வாங்கியும் ஆறாத ரணம் அது என்றால், வாங்க ஆளில்லாத எளியவனுக்கு எவ்வளவு வலிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி நம் ஊர்க் கதை.

1976 மே மாதம் ‘அன்னக்கிளி’ வந்தது. கறுப்பு வெள்ளைப் படம். சுஜாதாவும் சிவகுமாரும் நடித்தது. சங்கீதம் இளையராஜா என்று திரையில் போட்டபோது அவர் யார் என்று கேட்காதவர்கள் இல்லை. பண்ணைப்புரத்துக்காரர். அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் போய்க் கம்யூனிஸ்டுக் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தவர். பட்டணத்துக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டுச் சங்கீதம் கற்று, ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர். நண்பர் ஆர். செல்வராஜ் அறிமுகம் செய்துவைக்க, பஞ்சு அருணாசலம் துணிந்து வாய்ப்புக் கொடுத்தார். ஏற்கெனவே ஏ. எம். ராஜா இருக்கிறாரே என்று ‘இளைய’ என்ற அடைமொழியையும் அவரே சேர்த்தார். முதல் பாட்டுப் பதிவு தொடங்குகிற வேளையில் மின்சாரம் நின்றுபோனதையும், சகுனம் பார்த்து முணுமுணுப்பு எழுந்ததையும் இளையராஜாவே மேடைகளில் சொல்லியிருக்கிறார். முதல் விமரிசனம் மின்சார இலாகாவிடமிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்!

அந்த நாளில் சினிமா விமரிசனத்தில் பாட்டுக்கு என்று ஒதுக்கிய இடம் பெரும்பாலும் கடைசி வரிதான். ஆகவே ‘அன்னக்கிளி’யின் உண்மையான விமரிசனம் டீக்கடைகளிலும் கல்யாணப் பந்தல்களிலும் நடந்தது. அதுவரை எங்கள் தெருமுனை டீக்கடையில் ‘ஆராதனா’வும் ‘பாபி’யும் இந்தியில் முழங்கிக்கொண்டிருந்தன. ஒரு வார்த்தையும் புரியாவிட்டாலும் தாளம் போட்டுக்கொண்டிருந்தோம். திடீரென்று ஒரு நாள் ஜானகியின் குரல் வந்தது. வார்த்தை புரிந்தது; மெட்டு எங்கேயோ கேட்டது போலவும் இருந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

எங்கள் சித்தப்பா சபா ரஸிகர். பல்லவி பாடுகிறவரைத் தவிர மற்றவர் பாடுவதைத் தொண்டை சம்பந்தமான உபாதை என்று கருதுகிறவர். “இது வயக்காட்டுப் பாட்டு. இதைச் சங்கீதம் என்று யார் சொன்னது?” என்று கேட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார். உள்ளே சித்தி அரிசி களைந்துகொண்டே அதே பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவள். “சங்கீதமோ என்னவோ, எங்க ஊர் ஞாபகம் வருது” என்றாள். இரண்டு பேருமே அந்தப் பாட்டைச் சரியாக அடையாளம் கண்டுகொண்டார்கள் என்பதுதான் வேடிக்கை. வயலிலிருந்து வந்தது என்று சித்தப்பாவுக்கும் தெரிந்தது, சித்திக்கும் தெரிந்தது. அவருக்கு அது குறை. அவளுக்கு அது நிறை.

இன்னும் ஒரு விஷயம் உண்டு. அதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். மெட்டு வயலுடையது, ஆனால் அதைத் தாங்கி நின்ற வாத்தியங்களின் அடுக்கு மேல்நாட்டுப் பாடம். பண்ணைப்புரத்து நாற்றங்காலும் தன்ராஜ் மாஸ்டரின் பாடசாலையும் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்டன. பிற்பாடு 1986-ல் தியாகய்யருக்கும் பாக் என்ற ஜெர்மானிய மேதைக்கும் அர்ப்பணமாக ஒரு வாத்திய இசைத்தட்டு செய்ததும், 2025 மார்ச்சில் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழுவைக் கொண்டு ‘வேலியண்ட்’ சிம்பனியை அரங்கேற்றியதும் அந்த முதல் தட்டிலேயே விதையாக இருந்தவைதாம். வேறுபாடு என்னவென்றால், லண்டன்காரர்கள் யாரிடமிருந்து எடுத்தார்களோ அவர்களில் சிலர் பெயர் கேட்டு வழக்காடினார்கள். நம் வயல்களில் பாடிய பெண்கள் யாரும் கோர்ட்டுக்கு வரவில்லை. அவர்களுக்குப் பெயர் இருந்ததாகவே நாம் நினைக்கவில்லையே!

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1978-ல் பல்லாவரத்து நண்பன் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழு தொடங்கினான். இரண்டு கிடார், ஒரு டிரம், ஒரு பாடகன். இரவல் வாங்கிய டேப் ரிக்கார்டரைக் கொண்டு, ஆறு பாட்டுகளை ஒரு காஸெட்டில் பதிவு செய்தார்கள். பக்கத்தில் ரயில் போகும்போதெல்லாம் நிறுத்தி, மறுபடி தொடங்கி, இரண்டு இரவு பதிவு நடந்தது. ஐந்து பாட்டுகள் ஆங்கிலம். ஆறாவது தமிழ். என் வீட்டுக்கு அவன் சைக்கிளில் வரும் வழியில் முடிச்சூர் வயல்களில் கேட்ட நடவுப் பாட்டின் மெட்டை அப்படியே எடுத்து, கிடாரில் ஏற்றியிருந்தான்.

கையெழுத்துப் பத்திரிகைக்கு விமரிசனம் எழுதும்படி அவனே காஸெட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். நான் எழுதினேன். ஐந்து பாட்டுகளைப் பற்றி, லண்டன்காரர்கள் இதே காரியத்தை இதைவிட நன்றாகச் செய்துவிட்டார்கள், இவை இரவல் சரக்கு என்றேன். ஆறாவதைப் பற்றி, கோட்டுப் போட்டுக்கொண்டு ஏர் உழுகிற வேலை என்று கேலி செய்தேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ‘அன்னக்கிளி’யைக் கேட்டு இரண்டு வருஷமாக உருகிக்கொண்டிருந்தவன்தான் நான்! டீக்கடையில் கேட்டால் உருக்கம், நண்பன் வீட்டு மாடியில் கேட்டால் கேலி. அவன் கையில் இருந்தது எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். என்னவாக ஆகிக்கொண்டிருக்கிறது என்று கேட்கவில்லை.

அடுத்த வருஷம் குழு கலைந்தது. நண்பன் ரயில்வேயில் சேர்ந்தான். பிறகு குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டான். காஸெட் என்னிடமே தங்கிவிட்டது. ஒரு நாள் மறுபடி கேட்க வேண்டும், கேட்டு அவனுக்கு எழுத வேண்டும் என்று முப்பத்தேழு வருஷம் நினைத்துக்கொண்டே இருந்தேன். 2015 டிசம்பரில் முடிச்சூரில் வெள்ளம் வந்தது. வீட்டுக்குள் ஆளுயரத் தண்ணீர். புஸ்தகங்களோடு அந்தப் பெட்டியும் சேறாகிவிட்டது. லண்டன் தட்டுக்கு 2003-ல் மறு விசாரணை கிடைத்தது. இந்த ஆறு பாட்டுகளுக்கு இனி எந்த ஜாபிதாவிலும் இடம் கிடையாது. நான் எழுதிய தீர்ப்புதான் அவற்றுக்கு முதலும் கடைசியுமான தீர்ப்பு.

போன வருஷம் நண்பன் ஊரைப் பார்க்க வந்திருந்தான். தலை முழுவதும் வெளுத்துவிட்டது. பக்கத்து வயல்களில் முளைத்திருக்கும் அடுக்குமாடிகளைக் காட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு கட்டத்தில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “அன்றைக்கு நான் எழுதினது தப்புடா. அதனால்தானே நீ வாசிப்பதை விட்டாய்?” என்றேன்.

அவன் சிரித்தான். “நீயா காரணம்? அப்பா ரிட்டயர் ஆனார், தங்கச்சிக்குக் கல்யாணம், எனக்கு வேலை வேணும். அவ்வளவுதான். நீ என்ன எழுதினாய் என்பதே எனக்கு ஞாபகம் இல்லையே!”

எனக்கு ஆறுதலாக இருந்தது. அதோடு, உண்மையைச் சொல்வதென்றால், கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. எழுத்தாளனுடைய அகம்பாவம் பழியைக்கூடப் பிறருக்கு விட்டுக்கொடுக்காது.

ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தோம். வண்டி நடைமேடைக்குள் நுழைந்தது. ஏறப்போனவன் திரும்பி நின்று, “ஒன்று மட்டும் கேட்கணும்டா. அந்த ஊதா மை, அது உன் சொந்தப் பேனாதானா, இல்லை அதுவும் இரவலா?” என்றான்.

வண்டி புறப்பட்டுவிட்டது. நான் பதில் சொல்லவில்லை.