பத்தி இறக்கவும் பிளான் வேணுமா?

எங்கட வாசிப்பு வட்டத்தில் ஒருவரின் வீட்டில் போன வருசம் குசினிக்குப் பின்னால் ஒரு பத்தி இறக்கினார்கள். நாலு தூண், தகரக் கூரை, இரண்டு பக்கம் அரைச்சுவர். மேசன் மூன்று நாளில் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார். ஒரு மாதத்தால் உள்ளூராட்சி சபையிலிருந்து கடிதம் வந்தது: அனுமதியில்லாத கட்டுமானம், விளக்கம் தரவும். பக்கத்து வீட்டுக்காரர் பெட்டிசம் போட்டிருக்கிறார்.

கடிதத்தை வாசித்த அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "எங்கட காணிக்குள்ள நாங்கள் பத்தி இறக்க ஏன் இன்னொருத்தரிட்டக் கேக்கவேணும்?"

எங்களுக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. பதில் தேடிப் போனோம். அது எங்களை 1914ஆம் ஆண்டுக் கொழும்புக்குக் கொண்டுபோய் விட்டது.

எலியும் அரிசியும்

அந்த வருசம்தான் கொழும்புக்குப் பிளேக் வந்தது. 1896இல் பம்பாயைப் பிடித்த அதே நோய். எலியில் வாழும் தெள்ளுப்பூச்சி அதைப் பரப்பும். அரிசி மூட்டைகளோடு துறைமுகத்தில் இறங்கும் எலிக்குப் புறக்கோட்டைப் பக்கத்து நெருக்கமான கட்டடங்கள் நல்ல வாசஸ்தலம். முன்னால் கடை, நடுவில் களஞ்சியம், பின்னால் தொழிலாளர் படுக்கும் இருட்டறை. ஒரு வீட்டின் பின்சுவரில் அடுத்த வீடு சாய்ந்து நிற்கும். காற்றும் வெளிச்சமும் உள்ளே வராது.

அடுத்த வருசமே, 1915இல், 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. நகர எல்லைக்குள் வீடு கட்டுவதென்றால் முதலில் வரைபடத்தைச் சபைத் தலைவரிடம் கொடுத்து அனுமதி எடுக்கவேணும் என்றது அது. கட்டி முடிந்தபிறகு, வரைபடப்படிதான் கட்டியிருக்கு என்று ஒரு சான்றிதழும் எடுக்கவேணும். இண்டைக்கு வங்கியில் கடன் கேட்டுப் போனால் 'சீஓசி எங்க?' என்று கேட்கிறார்களே, அதன் வேர் இந்தச் சட்டத்தில்தான் இருக்கு.

காலனித்துவ அரசுக்கு ஏழைகளின் சுகத்தில் திடீர் அக்கறை வந்துவிட்டது என்று நாங்கள் நம்பவில்லை. துறைமுகம் நிண்டால் வியாபாரம் நிற்கும். அதோடு இப்படியான சட்டங்கள் வந்த இடமெல்லாம் 'சுகாதாரக்கேடு' என்று முதலில் இடிபட்டது ஏழைகளின் குடியிருப்புகள்தான். ஆனாலும் ஒரு ஜன்னலுக்கு வெளிச்சம் வருவது பொதுக் காரியம் என்ற எண்ணம் இந்தச் சட்டத்தில் எழுத்தில் இருந்தது.

அதுக்கு முதல்?

அதற்கு முதல் இது அயலவர் இரண்டு பேருக்கு இடையிலான பிரச்சினை. ஒல்லாந்தர் விட்டுப்போன உரோம-டச்சுச் சட்டத்தில் இதற்கென்றே உரிமைகள் உண்டு. உன் கூரைத்தண்ணி என் வளவுக்குள் விழலாமா, என் ஜன்னல் வெளிச்சத்தை உன் சுவர் மறைக்கலாமா என்றெல்லாம் வழக்குப் பேசலாம். அந்தச் சட்டம் இன்றும் உயிரோடுதான் இருக்கு. 1915இல் நடந்த மாற்றம் என்னவென்றால், வழக்கு வரும்வரை காத்திராமல், அத்திவாரம் வெட்டமுதலே சபை உள்ளே வந்தது.

யாழ்ப்பாணத்து ஊர்களில் இது கனகாலம் உறைக்கவில்லை. கிடுகு வேலியை வருசத்துக்கு ஒருக்கால் அடைப்போம். ஓலைக் கொட்டிலை வேய்வோம். அதற்கெல்லாம் யார் பிளான் கேட்டது? வேலி மதிலாகி, கொட்டில் கல்வீடாகி, வீட்டுக்கு மேல் இன்னொரு வீடு ஏறியபோதுதான் சட்டம் எங்கட ஒழுங்கைக்குள் வந்தது. 1978இன் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும், 'அபிவிருத்தி அனுமதி' என்பதைக் கொண்டுவந்த 1982ஆம் ஆண்டுத் திருத்தமும் அந்தப் பிடியை இன்னும் இறுக்கின. பிரகடனம் செய்யப்பட்ட பிரதேசங்களில் அனுமதியில்லாமல் எந்த அபிவிருத்தி வேலையும் செய்யமுடியாது என்றாயிற்று.

எது 'மாற்றம்'?

1915இன் சட்டம் புது வீட்டோடு நிற்கவில்லை. இருக்கிற வீட்டில் செய்யும் 'மாற்றம்' எது என்றும் ஒரு பட்டியல் போட்டது. கூரையையோ வெளிச்சுவரையோ புதிதாகக் கட்டுவது, மாற்றிக் கட்டுவது. அறையோ வெளிக்கட்டடமோ சேர்ப்பது. இரண்டு சுவருக்கு இடையில் கிடக்கும் வெளியைக் கூரை போட்டு மூடுவது. ஒரு வீட்டை இரண்டு குடித்தனமாகப் பிரிப்பது. வீட்டைக் கடையாகவோ பட்டறையாகவோ ஆக்குவது. உள்ளே செய்யும் வேலைகூட, வடிகாலையோ காற்றோட்டத்தையோ கட்டடத்தின் உறுதியையோ பாதித்தால் பட்டியலுக்குள் வந்துவிடும்.

பெயின்ற் அடிப்பது, நிலத்துக்கு மாபிள் பதிப்பது, உடைந்த ஓட்டை மாற்றுவது இதற்குள் வராது. பத்தி இறக்குவது வரும். சிறிய வீடுகளுக்குப் பின்னால் பொதுவாக விடச்சொல்லும் வெளி 2.3 மீற்றர், அதாவது ஏழரை அடி. எங்கட நண்பரின் பத்தி அந்த வெளியைத்தான் விழுங்கியிருந்தது.

கேட்க முடியாதவர்கள்

இந்தக் கதையில் எங்களுக்கு உறைத்த பகுதி இனித்தான். அனுமதி கேட்பதற்கே ஒரு தகுதி வேணும். காணி உங்களுடையது என்று காட்ட உறுதி வேணும். நில அளவை வரைபடம் வேணும். யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஓடியவர்களில் எத்தனை பேர் உறுதியைப் பையில் வைத்துக்கொண்டு ஓடினார்கள்? 2004 சுனாமிக்குப் பிறகு தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்குக் கிழக்கில் 200 மீற்றர் என்று அரசு முதலில் கோடு போட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த மீனவர் தன் சொந்த அத்திவாரத்தில்கூடத் திரும்பக் கட்ட முடியாமல் நின்றார். பிறகு அந்தத் தூரங்கள் தளர்த்தப்பட்டன. ஆனால் அதற்குள் பலருடைய வாழ்க்கை வேறிடம் போய்விட்டது.

மலையகத்தில் இது இன்னும் மோசம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறை. பிள்ளைகள் வளர, பின்னால் ஒரு குசினி எடுக்கவேணும். நிலம் அரசினுடையது, பராமரிப்பது கம்பனி. அங்கே தொழிலாளி தோட்ட நிர்வாகத்திடம்தான் கேட்கவேணும். கேட்காமல் கட்டினால் பொலிஸ் முறைப்பாடு. ஆனால் 2014 ஒக்ரோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியபோது, அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்பே இருந்தது தெரியவந்தது. அங்கே இருந்தவர்கள் ஒரு குசினி கட்ட ஆயிரம் கேள்விக்குப் பதில் சொல்லவேணும். அவர்களை அந்தச் சரிவில் வைத்திருந்தவர்களிடம் அந்தக் கேள்விகளை யார் கேட்டது?

ஆகவே அனுமதி வேணாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மீரியபெத்தை சொல்வது அதற்கு நேர் எதிரானது. எங்கே கட்டக்கூடாது என்று யாராவது சொல்லத்தான் வேணும். அந்தச் சொல், நிலமில்லாதவரை மட்டும் தடுத்து நிலமுள்ளவரைத் தாண்டிப் போகக்கூடாது என்பதுதான் எங்கட வாதம்.

நண்பரின் வீட்டுக் கதை சின்னதாய் முடிந்தது. பெட்டிசத்துக்குக் காரணம் பகை இல்லை. மாரியில் பத்தித் தகரத்துத் தண்ணி முழுக்க அயலாரின் கிணத்தடிக்குப் போயிருக்கு. உரோம-டச்சுச் சட்டத்துப் பழைய கூரைத்தண்ணிதான். பத்தியை மூன்றடி குறைத்து, பீலி அடித்து, பிளான் கீறிக் கொடுத்தார்கள். அம்மா இப்பவும் கேட்கிறார், "எங்கட காணிக்குள்ள..." என்று. ஆனால் வசனத்தை முடிப்பதில்லை. மழை வந்தால் முதலில் எட்டிப்பார்ப்பது அயலாரின் கிணத்தடியைத்தான்.