பத்துக்குப் பன்னிரண்டு

டிக்கோயாப் பள்ளத்தாக்கில் காடு வெட்டிக் கோப்பி போட்ட நாளிலேயே தொழிலாளர் குடியிருக்கும் லயமும் வந்துவிட்டது. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. லயம் அப்படியே நின்றது. மண்சுவர் கருங்கல் சுவராகியது, புல்லுக்கூரை தகரமாகியது, அவ்வளவுதான். பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. இரட்டை லயமென்றால் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசை. பின்சுவரில் ஜன்னல் வைக்கவே வழியில்லை.

திட்டமில்லாமல் கட்டினார்கள் என்று சொல்ல முடியாது. நல்ல திட்டம்தான், தோட்டத்துக்கு. நல்ல மண் தேயிலைக்கு, மிச்சமான ஓரம் லயத்துக்கு. எல்லோரும் ஒரே வரிசையில் இருந்தால் விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் திரட்டுவதும் சுலபம். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, அடுப்புப் புகை எங்கே போகும், மேலே இருந்து இறங்கும் மழைத்தண்ணீர் எந்தக் கானில் விழும் என்பதெல்லாம் குடியிருப்பவர் கேட்க வேண்டியவை. வேலை போனால் காம்பராவும் போகும் என்ற நிலையில் யார் கேட்பது?

1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசிடம் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் வந்தது. துரைமார் மாறினார்கள். காம்பராவோ தன் பாட்டில் பெருத்தது: மகனுக்குக் கல்யாணமானால் இஸ்தோப்பை மறைத்து ஓர் அறை, பின்னால் பலகை அடித்து ஒரு குசினி. தோட்டத்தில் நெடுங்காலம் நடந்த உண்மையான வீடமைப்பு இதுதான் என்பேன். எந்த அலுவலகத்திலும் அதற்கு வரைபடம் கிடையாது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கப்பட்ட மண். அதற்குப் பிறகுதான் லயத்துக்குப் பதில் தனிவீடு, தனிவீட்டுக்கு ஏழு பேர்ச் காணி என்ற பேச்சு வேகம் பிடித்தது. 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையைத் திறந்துவைத்து, நோர்வூட் மைதானத்தில் பேசினார். மலையகத்துக்கு ஏற்கெனவே ஒதுக்கியிருந்த 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். வீடொன்றுக்கு 550 சதுர அடி: இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி, மலசலகூடம்.

வீட்டைவிடப் பெரிய மாற்றம் 2018இல் சட்டத்தில் வந்தது. அதுவரை பிரதேச சபை தன் பணத்தில் தோட்டத்துக்குள் ஒரு பாதையைக்கூடப் போட முடியாத நிலை. வோட்டுக் கேட்க மட்டும் தோட்டத்துக்குள் வரலாம்! பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தியதும் அந்தத் தடை நீங்கியது.

இப்போது வீடு கட்டுமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்ணைப் பார்க்க வேண்டும். அது வற்புறுத்துவது சாதாரண விஷயங்கள்தான்: மேட்டைச் செங்குத்தாக வெட்டாதே, வெட்டினால் பாதுகாப்புச் சுவர் கட்டு, தண்ணீர் தேங்கி மண்ணில் இறங்காதபடி கான் வெட்டு. மலையில் வீட்டைக் காப்பது முதலில் கான்தான். சிமெந்து அதற்குப் பிறகு. ஆனால் திறப்புவிழாவில் யாரும் கானுக்கு நாடா வெட்டுவதில்லை.

ஏழு பேர்ச் என்றால் 1,900 சதுர அடிக்குச் சற்று மேல். காகிதத்தில் தாராளம். சரிவில் கானுக்கும் சுவருக்கும் மலசலகூடக் குழிக்கும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்த 550 சதுர அடிக்குள்ளும் பிள்ளைகள் வளர்வார்கள், மருமகள் வருவாள். லயத்தில் இஸ்தோப்பை மறைத்த அதே கைகள் இங்கேயும் ஓர் அறை இழுக்கும். வரைபடம் கொடுக்கும்போதே அந்த அறைக்கும் ஒரு கோடு போட்டு, அத்திவாரத்தையும் அதற்கேற்ப வைத்துவிட்டால் என்ன? இல்லாவிட்டால் மண்வெட்டி பின்பக்க மேட்டில்தான் இறங்கும்.