குறுக்கெழுத்தும் பள்ளியாசிரியரும்

ஆங்கில நாளேட்டின் கடினமான குறுக்கெழுத்துப் புதிரை விடுவித்த பின்னரே காலைக் கோப்பி என்றிருக்கும் அன்பர்கள் உண்டு. அப்புதிரை வெறும் பொழுதுபோக்கு நிலையினின்று உயர்த்தியவருள் பள்ளியாசிரியர்கள் முதலிடம் பெறுகின்றனர் என்பது நம்மவருள் பலர் அறியாத செய்தியாகும்.

லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பார், 1913 டிசம்பர் 21ஆம் நாள் 'நியூயார்க் வோர்ல்டு' ஏட்டில் வைர வடிவிலான முதற்புதிரை வெளியிட்டார். அமெரிக்காவில் அது நேரே பொருள் கேட்கும் எளிய விளையாட்டாகவே இருந்தது. இங்கிலாந்து சேர்ந்த பின்னரே அதற்குக் கள்ளம் கற்பிக்கப்பட்டது. கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான எட்வர்ட் பாவிஸ் மாதர்ஸ், 1926 முதல் 'அப்சர்வர்' ஏட்டில் 'டார்குமாடா' என்னும் புனைபெயரில் புதிர்களை அமைத்தார். ஸ்பெயின் நாட்டில் சமய விசாரணை நடத்திய கொடியவர் ஒருவரின் பெயர் அது. வாசகரை வதைப்பதே தம் தொழிலென்று முன்னரே சொல்லிவிட்டார் போலும்!

இவ்வகைப் புதிரின் இயல்பை விளக்கத் தமிழிலேயே ஒரு குறிப்பு அமைத்துக் காட்டுகிறேன். 'கோட்டைச் சுவரில் கடை இடிந்ததும் நிலாத் தெரிந்தது' - விடை ஈரெழுத்துச் சொல். படிப்பவர் மனம் இடிந்த அங்காடியை நாடும். ஏமாற்றம் அங்கேதான் இருக்கிறது. ஈண்டுக் கடை என்பது இறுதியெழுத்து. கோட்டைச் சுவராகிய 'மதில்' தன் ஈற்றெழுத்தை இழக்க, 'மதி' எஞ்சும்; மதியே நிலா. குறிப்பின் ஒரு பகுதி விடையின் பொருளைத் தருகிறது; மறுபகுதி அதன் எழுத்துகளைத் தருகிறது. இரண்டும் இயல்பான ஒரே வாக்கியம்போல் ஒட்டிக் கிடக்கின்றன. ஒட்டிய இடத்தைக் காண்பதே விடுவிப்பவர் படும் பாடு. கண்டவுடன் தம்மையறியாமல் எழும் சிரிப்பே அவர் பெறும் கூலி. தண்டியலங்காரம் கூறும் அக்கரச்சுதகத்தையும் வினாவுத்தரத்தையும் பயின்ற நம் மாணவர்க்கு இவ்விளையாட்டு முற்றிலும் புதியதன்று.

டார்குமாடாவின் குறிப்புகளில் புலமை மிகுதி. நேர்மை எப்போதும் அவ்வளவு இருந்ததில்லை. விடையைக் கண்ட பின்னரும் 'இதனை எங்ஙனம் அறிவது?' என்று கேட்கத் தோன்றுவன சில. இக்குறைக்கு மருந்து கண்டவர் இருவர். வெல்ஸ் பேராலயப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த ரிட்சி, 'ஆப்ரிட்' என்னும் பெயரில் 1949இல் வெளியிட்ட தொகுப்பில் ஒரு நெறி வகுத்தார். வாக்கியத்தின் வெளித்தோற்றம் எத்துணை ஏமாற்றினும், சொற்களைப் பிரித்து நோக்குங்கால் அவை விடையைச் சரியாகச் சுட்டியாக வேண்டும் என்பது அதன் சாரம். டார்குமாடா 1939இல் மறைந்தபின் 'அப்சர்வர்' புதிரை ஏற்ற டெரிக் சோமர்செட் மக்னட், கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் பள்ளியில் கிரேக்க, இலத்தீன் இலக்கியம் கற்பித்தவர். 'சிமெனிஸ்' என்ற புனைபெயரில் எழுதிய அவர், 1966இல் இக்கலைக்கென ஒரு நூலே இயற்றினார். பொருள் துல்லியமாக அமைதல் வேண்டும். எழுத்துகளுக்கான வழி இலக்கணம் பிறழாதிருத்தல் வேண்டும். தேவையற்ற சொல் ஒன்றும் நிற்றல் ஆகாது என்பன அவர் வற்புறுத்தியவை. வினாத்தாள் எழுதிப் பழகிய கைகளே இவ்விதிகளை எழுதின என்பது என் கருத்து. மாணவனை வீழ்த்துவது எளிது. அவன் போராடி வெல்லும்படி வினவுவதே அரிது.

போர்க்காலத்தில் இப்புதிர் அரசின் கண்ணிலும் பட்டது. 1942 ஜனவரியில் 'டெய்லி டெலிகிராப்' நடத்திய 12 நிமிடப் போட்டியில் பங்கேற்றோருள் சிலர், பகைவரின் மறைமொழிகளை உடைக்கும் பிளெட்ச்லி பார்க் பணிக்கு அழைக்கப்பட்டனர்.

அதே ஏட்டின் புதிரமைப்பாளர் லெனார்டு டாவும் ஒரு தலைமையாசிரியரே. 1944 மே 2 முதல் ஜூன் 1 வரை வெளியான அவருடைய புதிர்களில் யூட்டா, ஒமாகா, ஓவர்லார்ட், மல்பெரி, நெப்டியூன் ஆகிய விடைகள் அடுத்தடுத்துத் தோன்றின. ஜூன் 6ஆம் நாள் நிகழவிருந்த நார்மண்டிப் படையெடுப்பின் பரம இரகசியச் சொற்கள் அவை! உளவுத்துறையினர் அவரைத் துருவித் துருவி விசாரித்தனர். குற்றம் ஏதும் காணாது சென்றனர். மர்மம் நாற்பது ஆண்டுகள் நீடித்தது. 1984இல் பழைய மாணவர் ஒருவர் வாய் திறந்தார். கட்டங்களைச் சொற்களால் நிரப்பும் வேலையைத் தலைமையாசிரியர் மாணவர்களிடம் கொடுப்பது வழக்கம் என்றும், அருகே முகாமிட்டிருந்த போர்வீரர் வாயிலாகக் கேட்ட சொற்களைத் தாம் எழுதியதாகவும் அவர் கூறினார். விசாரணைக்குப்பின் தலைமையாசிரியர் தம்மை அழைத்து, குறிப்பேட்டை எரிக்கச் சொல்லி, எவரிடமும் கூறுவதில்லை என்று ஆணையிடச் செய்தார் என்பதும் அவர் சொன்னதே.