கொட்டியாரக் குடாவின் அக்கரை

போன ஆகஸ்ட் லீவில் கொழும்பிலிருந்து மச்சான் குடும்பம் நிலாவெளிக்கு வந்திருந்தது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் கொழும்புப் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும். அதே காற்று தரையைக் கடந்து நமது பக்கம் சுடுகாற்றாகத்தான் வந்து சேரும். நாங்கள் அதைக் கச்சான் என்போம். கடல் குளம்போலக் கிடக்கும். உப்புவெளி, நிலாவெளி, புறாத்தீவு என்று தலைநகரத்துச் சனம் அந்த மாதங்களில் திரள்வது அதனால்தான்.

ஒரு பின்னேரம் அவர்களைத் திருகோணமலை டவுனுக்குக் கூட்டிப்போய், பிரெட்ரிக் கோட்டை மேட்டில் நின்று தெற்கே கையைக் காட்டினேன். "அந்தா, தூரத்தில கறுப்புக் கோடு மாதிரித் தெரியுதே, அந்தப் பக்கம்தான் எங்கட மூதூர்."

"அங்க பாக்கிறதுக்கு என்ன ஈக்கிது மாமா?" என்று மச்சானின் இளைய மகள் கேட்டாள். சட்டென்று பதில் வரவில்லை. அவளுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கண்டி அரசனுக்குக் கடலைத் திறந்துவிட்ட வாசல்களில் ஒன்று கொட்டியாரம். மகாவலி கங்கை வந்து விழும் குடா. புயலில் பாய்மரம் ஒடிந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், பழுதுபார்ப்பதற்காக இங்கேதான் நங்கூரமிட்டது. 1660இல் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்டனையும் அவரது மகனையும் வேறு பலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர், ரொபர்ட் நொக்ஸ். ஊரில் கதை சொல்பவர்கள் இருவரையும் ஒருவராக்கிவிடுவார்கள். தகப்பன் சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் 1679இல் தப்பி, மன்னார்ப் பக்கம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து, 1681இல் லண்டனில் இலங்கையைப் பற்றிய நூலை வெளியிட்டார். பிடிபட்ட இடத்துப் புளியமரம் 'வெள்ளைக்காரன் மரம்' ஆனது. மூதூர் என்றால் உல்லாசப் பயணிகளின் கைநூல்களில் வருவது இந்த ஒரு மரம்தான். பத்தொன்பது வருஷம் இந்நாட்டில் இருந்த கைதிக்குக் கிடைத்த இடம், தலைமுறை தலைமுறையாக இக்குடாவைக் கடந்து போய்வந்த நம்மவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கிழக்கில் ஆற்றைக் கடக்கும் மிதவைக்கு 'பாதை' என்றுதான் பெயர். வெளியூர்க்காரர் ரோட்டைச் சொல்கிறோம் என்று நினைப்பார்கள். நமக்கு இரண்டும் ஒன்றுதான். தரைவழியே திருமலைக்குப் போவதென்றால் இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று நான்கு நீர்களைத் தாண்டவேண்டும். இல்லாவிட்டால் கந்தளாயைச் சுற்றவேண்டும். ஆகவே நேரே குடாவுக்குக் குறுக்கே லோஞ்ச்தான். பெரியாஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி, கச்சேரியில் அலுவலுள்ளவர், சோதனை எழுதப்போகும் பிள்ளை, மீன்பெட்டி, தயிர்ச்சட்டி எல்லாம் ஒரே தட்டில். லோஞ்ச் ஜெட்டியை விட்டு நகரும்போது பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டு 'பிஸ்மி' சொல்லும் முணுமுணுப்பு இஞ்சின் சத்தத்துக்குள்ளும் கேட்கும். சின்ன வயதில் உம்மாவின் மடியிலிருந்து நான் கேட்டது அது.

கொழும்பாருக்கு 'சீசன்' ஆன அதே மாதங்கள் எங்களுக்குப் பயமில்லாமல் டவுனுக்குப் போய்வரும் மாதங்கள். வாடை பிறந்தால் கதை வேறு. 1993இன் லோஞ்ச் விபத்தில் ஆளைப் பறிகொடுத்த வீடுகளில் இன்றும் மாரிக்காலத்தில் கடற்பயணம் என்ற பேச்சை எடுக்கமாட்டார்கள்.

ஆகஸ்டுக்கும் எங்களிடம் இன்னொரு முகம் உண்டு. 2006 ஆகஸ்டில் யுத்தத்துக்குள் அகப்பட்ட மூதூர் மக்கள் கையில் அகப்பட்டதோடு கந்தளாய்க்கு நடந்தார்கள். பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர்களில் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். விடுமுறைக்கு வரும் உறவினருக்கு அதையெல்லாம் யார் சொல்லப்போகிறார்கள்? நானும் சொல்லவில்லை.

2009 ஒக்டோபரில் சவூதி நிதியுதவியோடு கட்டிய 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. மற்ற மூன்று நீர்களுக்கும் பாலங்கள் வந்தன. பாதையின் காலம் முடிந்தது என்று நினைத்திருந்தோம். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடந்த இடத்தில், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோடு பாதை கவிழ்ந்தது. பாலம் வரும்வரைதானே என்று போட்ட பாதை அது.

லோஞ்சில் சுக்கான் பிடித்தவர்கள், டிக்கட் கிழித்தவர்கள் ஆகியோரின் நினைவுகளைப் பதிவுசெய்ய இரண்டு வருஷமாக அலைகிறேன். பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்ட ஒரு மூத்த காக்கா, "பெருநாள் முடியட்டும் தம்பி" என்றார். பெருநாளைக்கு முதல் கிழமையே மௌத்தாகிவிட்டார். அவர் கடைசியாக ஓட்டிய லோஞ்சின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

அடுத்தநாள் மச்சான் குடும்பத்தை வேனில் மூதூருக்குக் கூட்டிவந்தேன். கிண்ணியா, உப்பாறு, கங்கை என்று ஒவ்வொரு பாலத்திலும் பெயர் சொல்லிக்கொண்டு வந்தேன். இறால்குழி வரும்போது பிள்ளை நித்திரையாகிவிட்டாள். எழுப்பி ஜெட்டியில் நிறுத்தி, வடக்கே கையைக் காட்டி, "நேத்து நாம நின்ட இடம் அதுதான்" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு கிட்டவா மாமா? அப்ப ஏன் நாம சுத்தி வந்த?" என்று கேட்டாள்.