டன்பார் உயர்நிலைப் பள்ளி, வாஷிங்டன்

அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களுக்கென்று தொடங்கப்பட்ட முதல் அரசு உயர்நிலைப் பள்ளி. 1870-இல், தலைநகர் வாஷிங்டனில், பதினைந்தாம் தெரு பிரஸ்பிட்டீரியன் தேவாலயத்தின் நிலவறையில் வகுப்புகள் தொடங்கின. நாடெங்கும் அடிமைமுறை ஒழிந்து அப்போது ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1891-இல் எம் தெருவில் சொந்தக் கட்டடம் கிடைத்ததும் ‘எம் தெருப் பள்ளி’ ஆயிற்று. 1916-இல் புதிய கட்டடத்துக்கு மாறியபோது, கறுப்பினக் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பாரின் பெயரைச் சூட்டிக்கொண்டது.

பள்ளியின் பெயரை உயர்த்தியவர்கள் அதன் ஆசிரியர்கள். வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கறுப்பினத்தவருக்குப் பேராசிரியர் பணி தர மறுத்த காலம் அது. கல்லூரியில் பாடம் நடத்தியிருக்க வேண்டியவர்கள் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு லத்தீன் கற்பித்தார்கள். வரலாற்றறிஞர் கார்ட்டர் உட்சன் இங்கே பணியாற்றிக்கொண்டே, 1912-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். வாஷிங்டனில் வெள்ளை ஆசிரியருக்கும் கறுப்பின ஆசிரியருக்கும் ஒரே சம்பளம் என்பதும் திறமைசாலிகளை இழுத்தது. அநீதியால் விளைந்த நன்மை என்று இதைச் சொல்லலாம். ஆனால் அந்த ஆசிரியர்கள் கொடுத்த விலையை மறந்துவிட்டுச் சொல்ல முடியாது.

அன்னா ஜூலியா கூப்பர் அடிமையாகப் பிறந்தவர். 1902-இல் தலைமை ஆசிரியரானார். தொழிற்கல்வியே போதும் என்ற குரல்கள் ஓங்கியிருந்த நாளில், தம் மாணவர்களைப் பெரிய பல்கலைக்கழகங்களுக்குத் தயார்செய்தார். 1906-இல் கல்வி வாரியம் அவருடைய பதவியைப் புதுப்பிக்கவில்லை. 1910-இல் அதே பள்ளிக்குச் சாதாரண ஆசிரியராகத் திரும்பிவந்தார். 1925-இல், 66 வயதில், பாரிஸின் சொர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவரானார்.

இரத்த வங்கி முன்னோடி சார்லஸ் ட்ரூ, அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவரான ராபர்ட் வீவர், செனட்டர் எட்வர்ட் புரூக் ஆகியோர் இங்கே படித்தவர்கள். வசதி படைத்த, வெளிர்நிறக் குடும்பங்களின் பள்ளி என்ற முணுமுணுப்பும் ஊரில் இருந்தது.

இன்னொரு மாணவர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். பள்ளிகளில் நிறப்பிரிவினையை நீதிமன்றத்தில் உடைப்பதற்கான வழியை வகுத்த வழக்கறிஞர். 1950-இல் அவர் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, போலிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வாஷிங்டன் பள்ளிகளின் பிரிவினையைச் செல்லாது என்றது. அதுவரை நகரெங்கிலுமிருந்து மாணவர்களை ஈர்த்த டன்பார், அதன்பின் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கான பள்ளியானது. தேர்ந்த ஆசிரியர்களுக்கும் வேறு கதவுகள் திறந்தன.

1916-இல் எழுந்த கட்டடம் 1970-களில் இடிக்கப்பட்டது. அதற்கு மாற்றாக வந்ததும் நிலைக்கவில்லை. இப்போதைய கட்டடம் 2013-இல் திறக்கப்பட்டது. எம் தெருவின் பழைய கட்டடம் மட்டும் இன்னும் நிற்கிறது.