வீடா, சானடோரியமா: ஒரு சென்னை ஆய்வின் வரலாறு

1950களில் இந்தியாவில் காசநோயாளிகள் பல லட்சம் பேர். சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனைகளின் படுக்கைகளோ அவர்களில் மிகச் சிலருக்கே போதும். ஓய்வும் நல்ல காற்றும் சத்துணவும் இல்லாமல் நோய் தீராது என்ற எண்ணம், காசநோய் மருந்தான ஐசோனியாசிட் 1952இல் புழக்கத்துக்கு வந்த பிறகும் மருத்துவர்களிடையே வலுவாகவே இருந்தது. நோயாளியை வீட்டில் வைத்தே மாத்திரை கொடுத்துக் குணப்படுத்த முடியுமா? முடியாது என்றால் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே இல்லை.

இதை விவாதத்தால் தீர்க்காமல் அளந்து பார்க்க, 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம் அது. பொறுப்பேற்றவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ்.

சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். இரு குழுவுக்கும் ஒரே மாதிரியான மருந்துகள், ஓராண்டுக்கு. இடம் மட்டுமே வேறு. யாரை எங்கே அனுப்புவது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விட்டிருந்தால், நோய் முற்றியவர்களெல்லாம் சானடோரியத்துக்குப் போயிருப்பார்கள்; ஒப்பீடு அங்கேயே கெட்டிருக்கும். மாத்திரையை விழுங்கினார்களா என்றறிய, ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீரைச் சோதித்தார்கள்.

முடிவு 1959இல் வெளியானது. ஓராண்டின் இறுதியில் சளிப் பரிசோதனைப்படி நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடுதலாக ஏறியது. ஆனாலும் வித்தியாசம் இவ்வளவுதான். ஆய்வின் மிகச் சிறந்த பகுதி இதற்குப் பிறகு வந்தது. நோயாளிகளின் குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் கண்காணித்தார்கள். வீட்டில் சிகிச்சை நடந்ததால் அவர்களிடையே நோய் கூடுதலாகப் பரவவில்லை. நோயாளியின் நலத்தை மட்டும் எண்ணியிருந்தால், வீட்டுச் சிகிச்சை மற்றவர்களுக்கு ஆபத்து என்ற அச்சத்துக்குப் பதில் கிடைத்திருக்காது.

நோயாளிகள் தாமாகச் சிகிச்சை தேடி வருகிறார்களா என்ற அடுத்த கேள்வியை எடுத்துக்கொண்டது, 1959இல் பெங்களூரில் நிறுவப்பட்ட தேசிய காசநோய் நிறுவனம். டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் விசாரித்தபோது, அறிகுறி உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போய்வந்திருந்தது தெரிந்தது. பலருக்குக் கிடைத்தது இருமல் மருந்துதான். கிராமத்து மக்கள் நோயை அலட்சியம் செய்கிறார்கள் என்ற பழி இதனால் பொய்யானது. நோயாளி தானாக வரும் இடத்திலேயே சளியைச் சோதிப்பது என்ற அடிப்படையில், 1962இல் மாவட்ட அளவிலான தேசியக் காசநோய்த் திட்டம் தொடங்கப்பட்டது.

ஆய்வில் வென்ற சிகிச்சை, திட்டமாக விரிந்தபோது அதே பலனைத் தரவில்லை. 1992இல் இந்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் சுவீடனின் வளர்ச்சி உதவி அமைப்பும் சேர்ந்து அதை மதிப்பாய்வு செய்தன. பணப் பற்றாக்குறை, மருந்துத் தட்டுப்பாடு, சளியை விட்டு எக்ஸ்ரேயையே நம்பியது எனக் குறைகள் வெளிப்பட்டன. சிகிச்சையை முடித்தவர்கள் பாதிகூட இல்லை.

1993இல் சோதனை முறையில் தொடங்கி 1997இல் விரிவாக்கப்பட்ட திருத்திய திட்டம், மதிப்பீட்டை அன்றாட வேலையாக்கியது. சுகாதார ஊழியரின் கண்ணெதிரே மாத்திரை விழுங்கும் முறைக்கு, சேத்துப்பட்டு மையம் 1960களில் செய்த ஆய்வுகளே முன்னோடி. ஒவ்வொரு காலாண்டிலும் பதிவான நோயாளிகள் தனித் தொகுதியாகக் கணக்கிடப்பட்டனர்: குணமானவர், இறந்தவர், பாதியில் நிறுத்தியவர், மருந்துக்கு அடங்காதவர் என்று ஒருவரும் விடுபடாமல் பதிவேட்டில் ஏறினர்.